போலந்து நடிகை மோஜெஸ்கா அமெரிக்க மேடை ஏறியது எப்படி? தெரிஞ்சவங்க சொல்லுங்க

கெடிலக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊர் கடலூர், மஞ்சக்குப்பம். ஜவுளிக்கடையில பில் போடுற வேலை. கடை முடிஞ்சதும் பஸ் ஏறிப் பாண்டிச்சேரிக்கு நாடக ஒத்திகைக்குப் போய்ட்டு வருவேன். இதுவரைக்கும் நடிச்சது எல்லாமே தமிழ்தான். போன வருஷம் கிரேக்க நாடகமான ஆன்டிகனியைத் தமிழ்ல போட்டோம். ஆன்டிகனி நான்தான். அண்ணன் பொணத்து மேல மண்ணு போட்டது நான்தான்னு ராஜா முன்னாடி நிமிர்ந்து சொல்ற இடத்தைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

வர்ற சீசன்ல எங்க குழு இங்கிலீஷ்ல ரெண்டு நாடகம் போடுது. ஒண்ணு அதே ஆன்டிகனி. இன்னொண்ணு லண்டன்ல ஒரு பணக்கார வீட்டுல நடக்கிற காமெடி. எது வேணும்னு டைரக்டர் என்னையே முடிவு பண்ணச் சொல்லியிருக்கார். நான் படிச்சது தமிழ் மீடியம். காமெடியில வசனம் சின்னச் சின்னதா இருக்கு, அதையே எடுத்துக்கலாம்னு தோணுது. ஆன்டிகனின்னா பக்கம் பக்கமா பேசணும். வாசிச்சுப் பார்க்கும்போதே கூட இருந்த ஒருத்தர் என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிச்சுட்டார். திரும்பி வர்ற பஸ்ஸுல முழுக்க அதே நெனப்பு.

டைரக்டர்தான் ஹெலினா மோஜெஸ்கான்னு ஒரு நடிகை பேரைச் சொன்னார். 1870கள்ல அமெரிக்கா போய், சில மாசத்துலயே இங்கிலீஷ் நாடகத்துல கதாநாயகியா நின்னவங்களாம். நெட்டுல தேடினா பேரும் தேதியும்தான் வருது. நான் தெரிஞ்சுக்க நினைக்கிறது வேற. அந்தச் சில மாசத்துல மொழியைக் கத்துக்கிட்டாங்களா, வெறும் மனப்பாடமா? அவங்க உச்சரிப்பை ஜனங்க எப்படி ஏத்துக்கிட்டாங்க? ஊர் பேர் தெரியாத ஒருத்தருக்கு யார் வாய்ப்பு கொடுத்தா?

வைசியாள்வீதி எழுதியது:

அவங்க அமெரிக்காவுக்கு நடிக்கப் போகலைங்க. விவசாயம் பண்ணப் போனாங்க.

பிறந்தது 1840, கிராக்கோ நகரம். அப்ப போலந்துன்னு ஒரு நாடே வரைபடத்துல கிடையாது. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூணும் பங்கு போட்டுக்கிட்ட காலம். வார்சா மேடையில இவங்கதான் முதல் நட்சத்திரம். ஆனா அந்த ஊர் ரஷ்ய ஜார் கையில, தணிக்கைத் தொல்லை வேற. 1876ல கணவர், மகன், நண்பர்கள்னு ஒரு சின்னக் கூட்டமா கப்பல் ஏறி நியூயார்க் போய், அங்கிருந்து பனாமா வழியா கலிபோர்னியா சேர்ந்து, அனஹைம்ல நிலம் பிடிச்சாங்க. பின்னாடி நோபல் பரிசு வாங்கின எழுத்தாளர் சியன்கியேவிச்சும், முன்னாடியே கிளம்பிப் போயிருந்தாலும், அந்தக் கூட்டத்துல ஒருத்தர்தான். யாருக்கும் ஏர் பிடிக்கத் தெரியாது. பசு மாடு வாங்கிட்டு, கறக்க ஆள் இல்லாம பாலை அக்கம்பக்கத்துல காசு கொடுத்து வாங்கியிருக்காங்க. கைக்காசு கரைஞ்சதும் மறுபடி மேடைதான் வழின்னு ஆச்சு.

கூடப் போன மகன் ரால்ஃப் பின்னாடி அமெரிக்காவுல பெரிய பாலம் கட்டுற பொறியாளரா வந்தார். மேடை விஷயமெல்லாம் டீச்சர் வந்து சொன்னாத்தான் சரியா இருக்கும்.

முத்தியால்பேட்டை டீச்சர் எழுதியது:

பள்ளிக்கூடத்துல ஆங்கிலப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். இங்கே அமெச்சூர் நாடகங்களுக்கு சைடு விங்கில் (மேடையோரத் திரை மறைவில்) நின்று, மறந்த வசனத்தை எடுத்துக் கொடுத்து பிராம்ப்ட் பண்ணியிருக்கிறேன். மோஜெஸ்கா மேல் எனக்குத் தனிப் பிரியம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கோங்கம்மா.

சில மாசத்தில் கத்துக்கிட்டாங்க என்பது உண்மை. 1877 தொடக்கத்தில் சான்ஃபிரான்சிஸ்கோ போய் உட்கார்ந்து, போலந்து வம்சாவளியில் வந்த ஒரு இளம்பெண்ணிடம் பாடம் கேட்டாங்க. அதே ஆகஸ்ட்டில் புஷ் தெருவில் இருந்த கலிபோர்னியா தியேட்டரில் ஆங்கிலத்தில் மேடை ஏறினாங்க. அப்போ வயது 36. உங்க டைரக்டர் சொன்னது இதுவரைக்கும் சரி. ஆனால் இந்தக் கதையைச் சொல்கிற எல்லோரும் ‘அடேயப்பா’ என்று வாய் பிளந்து நிறுத்திவிடுகிறார்கள். எந்த வேஷத்தில் ஏறினாங்க என்று கேட்பதில்லை. விஷயமே அங்கேதான் இருக்கு.

அட்ரியன் லெகூவ்ரர் என்ற பிரெஞ்சு நாடகம். ஸ்க்ரீப், லெகூவே இருவரும் எழுதி 1849ல் வந்தது. 18ஆம் நூற்றாண்டில் பாரிஸ் மேடையில் வாழ்ந்த ஒரு நிஜ நடிகையின் கதை. மோஜெஸ்கா 1868ல் வார்சாவில் முதல்முதலாக ஏறி அந்த ஊரையே கட்டிப்போட்டது இதே அட்ரியன் வேஷத்தில். அப்புறம் 1877 ஆகஸ்ட்டில் சான்ஃபிரான்சிஸ்கோ, அதே வருஷம் டிசம்பரில் நியூயார்க் ஃபிஃப்த் அவென்யூ தியேட்டர், ரெண்டு இடத்திலும் முதல் நாடகம் அட்ரியன்தான். மூன்று ஊருக்கும் ஒரே சாவி.

இதை யோசிச்சுப் பாருங்க. எங்கே எழணும், எந்த வரியில் குரல் உடையணும், பூச்செண்டை எப்படி முகர்ந்து பார்க்கணும் (அந்தப் பூவில்தான் விஷம்), கடைசி அங்கத்தில் புத்தி பேதலித்துச் சாகும்போது கண் எங்கே போகணும், இதெல்லாம் எட்டு ஒன்பது வருஷமாக அவங்க உடம்பில் ஊறிக் கிடந்தது. புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது வார்த்தைகள் மட்டும். மொழியையும் வேஷத்தையும் ஒரே நேரத்தில் புதிதாகக் கற்க அவங்க முயற்சி பண்ணவே இல்லை. மனப்பாடமா என்று கேட்டீங்க. மனப்பாடம்தான். ஆனால் அர்த்தம் ஏற்கெனவே நெஞ்சில் இருந்த மனப்பாடம். அதுக்கும் வெறும் ஒப்பித்தலுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

உச்சரிப்புக்கு வருவோம். போலிஷ் மொழியில் ஒரு சொல்லின் அழுத்தம் பெரும்பாலும் கடைசிக்கு முந்தைய அசையில் விழும். ஆங்கிலத்தில் அது சொல்லுக்குச் சொல் தாவும். நம் தமிழ் வாய்க்கும் இதே பாடுதான், எல்லா அசையையும் ஒரே கனத்தில் சொல்லிவிடுவோம். மோஜெஸ்காவுக்கு அந்த வெளிநாட்டுச் சாயல் கடைசிவரை போகவில்லை. ஆனால் அட்ரியன் பிரெஞ்சுக்காரி. அடுத்து நியூயார்க்கில் எடுத்த கமீல் வேஷமும் பிரெஞ்சுக்காரி. வேறு நாட்டுப் பெண் வேறு நாட்டுச் சாயலில் பேசினால் யார் குறை சொல்வார்கள்? அதுவும் விஷம் ஏறிச் சாகிற பெண் விட்டுவிட்டுத்தானே பேசுவாள். வேஷத் தேர்விலேயே பாதி வெற்றி.

ஷேக்ஸ்பியரின் ரோசலிண்டாக நியூயார்க்கில் நின்றது 1882ல்தான். நடுவில் லண்டனுக்கும் போய் நடித்து, காதையும் நாக்கையும் தீட்டிக்கிட்டு வந்தாங்க. ஷேக்ஸ்பியர் என்று வந்ததும் உச்சரிப்பைக் குறை சொன்ன விமர்சகர்கள் இருந்தார்கள். அதற்காக அவங்க விட்டுவிடவில்லை. வயோலா, போர்ஷியா, லேடி மாக்பெத் என்று போய்க்கொண்டே இருந்தாங்க. 1889ல் அமெரிக்காவின் பெரிய நடிகர் எட்வின் பூத்தோடு ஜோடி சேர்ந்து ஊர் ஊராகச் சுற்றினாங்க.

வாய்ப்பு கொடுத்தது யார் என்றால், சுலபமாக யாரும் கொடுக்கவில்லை. சான்ஃபிரான்சிஸ்கோவில் அந்தக் கலிபோர்னியா தியேட்டரைக் கவனித்துக்கொண்டிருந்த பார்ட்டன் ஹில் முதலில் பிடிகொடுக்கவில்லை. கடைசியில் நடித்துக் காட்டச் சொன்னார். மோஜெஸ்கா எடுத்தது அட்ரியனின் கடைசி அங்கம். ஒருவரை அசைக்க உங்களிடம் ஒரே ஒரு காட்சிதான் இருக்கு என்றால் எதை எடுப்பீங்க? நன்றாகத் தெரிந்ததைத்தான். ஹில் அதற்கப்புறம் மறுக்கவில்லை. தியேட்டரின் தலைவர் ஜான் மெக்கல்லோ, மொட்ஜெயெவ்ஸ்கா என்ற பேர் அமெரிக்க வாயில் நுழையாது என்று சொல்லி, மோஜெஸ்கா என்று சுருக்கச் சொன்னார். அங்கேயே ஹாரி சார்ஜன்ட் என்ற ஏஜென்ட் பார்த்து ஒப்பந்தம் போட்டதால்தான் நியூயார்க் கிடைத்தது.

லண்டன் வீட்டுக் காமெடியில் வசனம் சின்னதுதான். ஆனால் அந்தச் சின்ன வசனம் முழுக்க உச்சரிப்பை நம்பியே நிற்கும். அழுத்தம் ஒரு அசை தவறினால் சிரிப்பு வராது. ஆன்டிகனி கிரேக்கப் பெண். அவள் லண்டன்காரி மாதிரி பேசணும் என்று எந்தச் சட்டமும் இல்லை. உங்க உடம்புக்கு அவளை ஏற்கெனவே தெரியும். நான் உங்க இடத்தில் இருந்தால் ஒரு நிமிஷம் யோசிக்க மாட்டேன்.

கெடிலக்கரை எழுதியது:

டீச்சர், ரொம்ப நன்றி. கடையில டீ நேரத்துல ரெண்டு தடவை படிச்சேன். நான் பயந்ததே நீளமான வசனத்துக்குத்தான். அதையே நீங்க பலம்னு சொல்றீங்க.

ஒரு சந்தேகம். கூட நடிச்ச அமெரிக்க நடிகர்களுக்கு இவங்க யாருன்னே தெரியாது. எப்படிச் சேர்ந்து நடிச்சாங்க? எங்க குழுவுல மாசக்கணக்குல ஒத்திகை பார்த்தும் ஒருத்தர் அடி மாறினா எல்லாம் குலைஞ்சுடுது.

நெல்லிக்குப்பம் ஆர்மோனியம் எழுதியது:

அம்மா, இதுக்கு நான் சொல்றேன். எனக்கு இங்கிலீஷ் நாடகம் பத்தி டீச்சர் அளவுக்குத் தெரியாது. ஆனா இந்தக் கேள்விக்குப் பதில் நம்மகிட்டயே இருக்கு.

ஸ்பெஷல் நாடகம் பார்த்திருக்கீங்களா? வள்ளி திருமணம்னு நோட்டீஸ் போட்டிருப்பாங்க. முருகன் ஒரு ஊர்ல இருந்து வருவார், வள்ளி வேற ஊர்ல இருந்து வருவாங்க, நாரதர் வேற ஊரு. சாயங்காலம் வரைக்கும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்திருக்க மாட்டாங்க. ஒத்திகையே கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு நான் சுதி கொடுத்தா விடியற வரைக்கும் நாடகம் ஓடும். எப்படின்னா, எல்லாருக்கும் பாடம் ஒண்ணுதான். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன்னு அவங்கவங்க வரிசை தெரியும். எதிர்ல நிக்கிறது யாரா இருந்தாலும் எந்தப் பாட்டுக்கு எந்தப் பதில்னு தெரியும்.

அந்தக் கால அமெரிக்காவுல ஸ்டாக் கம்பெனின்னு வெச்சிருந்தாங்கன்னு என் பேத்தி எடுத்துக் கொடுத்த ஒரு கட்டுரையில படிச்சேன். தியேட்டருக்குன்னு நிரந்தரமா நடிகர்கள். ஒருத்தர் எப்பவும் கதாநாயகன், ஒருத்தர் எப்பவும் வில்லன், ஒருத்தர் கிழவர், ஒருத்தங்க துடுக்கான வேலைக்காரப் பொண்ணு. ஊர்ல ஓடுற நாடகம் எல்லாம் அவங்களுக்குத் தலைகீழ்ப் பாடம். வெளியூர் நட்சத்திரம் வந்தா நடுவுல நிக்க வெச்சு, கொஞ்ச நாள் ஒத்திகையோட திரையைத் தூக்கிடுவாங்க. மோஜெஸ்கா அந்த ஏற்பாட்டுக்குள்ளதான் நுழைஞ்சிருக்காங்க. கொஞ்சம் பிந்திப் போயிருந்தா கஷ்டம். அப்புறம் ஒரே நாடகத்துக்குன்னு ஆள் சேர்த்து, ரயில்ல ஊர் ஊரா கொண்டுபோற முறை வந்துடுச்சாம். உள்ளூர் கம்பெனிகள் ஒண்ணொண்ணா கலைஞ்சு போச்சு.

நம்ம பாடம் எல்லாம் பெரும்பாலும் சங்கரதாஸ் சுவாமிகள் போட்டது. அவர் 1922ல பாண்டிச்சேரியிலதான் காலமானார். சமாதி கருவடிக்குப்பத்துல இருக்கு. ஒத்திகைக்கு வரும்போது ஒரு நாள் போய்க் கும்பிட்டுட்டு வாங்கம்மா.

வைசியாள்வீதி எழுதியது:

ஐயா சொன்னது அருமை. ஒண்ணு சேர்த்துக்கறேன். 1883ல கென்டக்கி மாநிலம் லூயிவில்ல, நார்வே எழுத்தாளர் இப்சனோட ‘பொம்மை வீடு’ நாடகத்தை மோஜெஸ்கா போட்டாங்க. நாயகி நோராவோட பேரையே தோரான்னு மாத்தி, அவ வீட்டை விட்டுப் போகாத மாதிரி முடிவையும் மாத்திட்டாங்க. அது ஒரே ஒரு ஆட்டத்தோட நின்னுபோச்சு. புகழோட உச்சியில இருந்தும் இப்படி வளைஞ்சு கொடுக்க வேண்டி வந்ததை நினைச்சா எனக்கு வருத்தமா இருக்கும்.

முத்தியால்பேட்டை டீச்சர் எழுதியது:

எனக்கும் அதே வருத்தம்தான். ஆனாலும் 1893ல் சிகாகோ உலகக் கண்காட்சியின் பெண்கள் மாநாட்டில், போலந்துப் பெண்களின் நிலை பற்றி ரஷ்யாவைக் கண்டித்துப் பேசினாங்களே, அதில் யாருக்கும் வளையவில்லை. அதுக்கு அப்புறம் ரஷ்ய மண்ணில் கால் வைக்கவே தடை. வார்சா மேடை அவங்களுக்கு அதோடு மூடிப்போச்சு.

கெடிலக்கரை எழுதியது:

டைரக்டருக்கு போன் பண்ணி ஆன்டிகனின்னு சொல்லிட்டேன். ஆர்மோனியம் ஐயா, கருவடிக்குப்பம் கண்டிப்பா போறேன். டீச்சர், எங்க இருந்து ஆரம்பிக்கணும்னு மட்டும் சொல்லுங்க.

முத்தியால்பேட்டை டீச்சர் எழுதியது:

ராஜா முன்னால் பேசுற அந்த இடத்தில் இருந்தே ஆரம்பிங்க. முதலில் தமிழ் வசனத்தை நடித்துக்கொண்டே சொல்லுங்க, எங்கே மூச்சு எடுக்கிறீங்க என்று யாரையாவது குறித்துக்கச் சொல்லுங்க. அப்புறம் ஆங்கில வசனத்தில் அதே கருத்து முடியிற இடங்களில் பென்சிலால் கோடு போடுங்க. மூச்சு அங்கே மட்டும்தான். விங்கில் நின்று நான் பார்த்தவரை, புது மொழியில் நடிக்கிறவங்க தடுமாறுவது வார்த்தையில் இல்லை, மூச்சு தப்பான இடத்தில் தீர்ந்துபோவதில்தான். ஒவ்வொரு வரியிலும் கனமாக விழ வேண்டிய ஒரு அசைக்கு அடியில் சிவப்பு மையில் கோடு போடுங்க. ஒரு வரிக்கு ஒன்றிரண்டு போதும், மற்றதை லேசாக விட்டுவிடுங்க. எங்கே அழுத்தணும் என்று சந்தேகம் வந்தால் அந்த வரியைப் பேசி ஆடியோவாக அனுப்புங்க, அன்றைக்கே கேட்டுச் சொல்கிறேன்.