செலர் குளிரேல்லையெண்டால் காஸ்தான் குறைஞ்சதோ?

லண்டனிலை பப்புகளின்ரை செலர் கூலர் திருத்துறது என்ரை வேலை. நிலத்துக்குக் கீழை இருக்கிற அந்த அறையை 11இலை இருந்து 13 பாகைக்குள்ளை வைச்சிருக்க வேணும். பீப்பாவுக்குள்ளையே நுரைச்சுக்கொண்டு இருக்கிற ஏல் பியருக்கு அதுதான் கணக்கு. சூடு கூடினால் கெதியாப் புளிச்சுப்போகும், குளிர் கூடினால் கிளாசிலை கலங்கலா நிக்கும்.

போன ஓகஸ்டிலை தென்கிழக்கு லண்டன் பப் ஒண்டிலை இருந்து போன் வந்தது. மனேஜர் எங்கட பெடியன்தான். "அண்ணை, செலர் 17இலை நிக்குது. ரெண்டு பேர் வந்து கூலருக்குக் காஸ் அடிச்சிட்டுப் போட்டினம், ஒண்டும் மாறேல்லை. வெள்ளிக்கிழமைக்கு முதல் ஏதாவது செய்யுங்கோ."

போனவுடனை, கூலருக்குள்ளை சுத்திக் குளிராக்கிற காஸின்ரை அழுத்தம் காட்டுற கேஜை நான் தொடேல்லை. தேமோமீட்டரைக் கூலருக்கு உள்ளை போற காத்திலை பிடிச்சன், 17. வெளியிலை வாற காத்திலை 9. எட்டுப் பாகை இறங்குது. சக்‌ஷன் பைப், அதாவது காஸ் கொம்பிரசருக்குத் திரும்பிப் போற குழாய், நல்லா வேர்த்துக் குளிர்ந்துபோய் இருக்கு. காத்தைக் குளிராக்கிற கொயிலிலை ஐஸ் இல்லை. மேலை போய்ப் பாத்தால் வெளி யூனிற்றும் துப்புரவு, சூட்டை வெளியிலை தள்ளிக்கொண்டுதான் நிக்குது. மெசின் தன்ரை வேலையைச் செய்யுது. ஆனால் இரவு பகலா ஓடியும் அறை குளிரேல்லை. அப்ப மெசினாலை சமாளிக்க ஏலாத சூடு எங்கையிருந்தோ வந்துகொண்டிருக்க வேணும்.

திரும்ப இறங்கி, பியர் கெக் அடுக்கின மூலைப் பக்கம் போகேக்கை முழங்காலிலை ஹெயர் ட்ரையர் பிடிச்ச மாதிரி ஒரு காத்து அடிச்சது. லாகர் பியர் மேலை போற லைனைக் குளிராக்கிற ரிமோட் கூலர். அது ஒரு தொட்டி ஐஸ்தண்ணி, பக்கத்திலை தனிக் கொம்பிரசர். எடுக்கிற சூட்டை எல்லாம் அதே செலருக்குள்ளைதான் துப்பும்.

"இது எப்ப வந்தது?"

"மூண்டு கிழமை அண்ணை. லாகர் டாப் ரெண்டு கூட்டினவை."

பப் திறக்க முதல் ரிமோட் கூலரின்ரை கொம்பிரசரை மட்டும் நிப்பாட்டிப் பாத்தன். ஐஸ் இருக்கும்வரை லைன் குளிராத்தான் நிக்கும், பயமில்லை. ஒண்டரை மணித்தியாலத்திலை செலர் 14க்கு வந்திட்டுது.

அதுக்குப் பிறகுதான் கேஜைப் போட்டன். ஆர்404ஏ காஸ், வெளியிலை 28 பாகை. ஹெட் பிரஷர், அதாவது கொம்பிரசர் காஸைத் தள்ளுற பக்கத்து அழுத்தம், 18, 19 பாரிலை நிக்க வேண்டியது 24இலை நிண்டது. மத்தியானத்திலை மெசின் ட்ரிப் ஆகி, அதாவது தானா நிண்டுபோய், திரும்ப ஓடச் சிவப்புப் பட்டன் அமத்த வேண்டி வந்ததும் முந்தி வந்தவை காஸ் அடிச்ச பிறகுதானாம். ஒழுக்கு எங்கை எண்டு தேடாமல் அடிச்ச காஸ், கிட்டத்தட்ட ஒரு கிலோ. திருப்பி எடுத்தன். ரிமோட் கூலரின்ரை சூட்டுக்கு ஒரு டக்ட் போட்டு வெளியிலை விட்டாச்சு.

*

அண்ணா, நான் ஓசூர்ல ரோஜாப்பூ கோல்டு ரூம் பாக்குறேன், 2லருந்து 4 டிகிரி. எங்ககிட்டயும் இதே கேஸ் பைத்தியம்தான். பிப்ரவரி ஆர்டர் சமயம் ராத்திரி முழுக்க கதவைத் தொறந்து வெச்சு லோடு ஏத்துவாங்க. ஈரக்காத்து உள்ள போயி காயில் பூரா ஐஸ் கட்டிரும். அப்ப சக்‌ஷன் பிரஷர் கம்மியாத்தான் காட்டும், பாக்குறவன் உடனே "கேஸ் போயிருச்சு"ன்னுருவான்.

நான் சூப்பர்ஹீட் பாப்பேன், அதாவது காயில்ல ஆவியான கேஸ் அதுக்கு மேல எத்தன டிகிரி சூடாகி வெளிய வருதுன்னு. கேஸ் கம்மின்னா அது எகிறும். ஐஸ் அடைச்சிருந்தாலோ ஃபேன் நின்னிருந்தாலோ கம்மியாயிரும், கம்ப்ரஸர் தலை வரைக்கும் சில்லுன்னு இருக்கும். போன தடவை மூணு ஃபேன்ல ஒண்ணு நின்னு போயிருந்துச்சு. ஐஸுக்குப் பின்னாடி மறைஞ்சிருந்ததால யாரும் கவனிக்கல. மோட்டார் மாத்தினதோட சரி, கேஸ் ஒரு சொட்டு போடல.

*

அதேதான் தம்பி. இஞ்சை பனிக்காலத்திலை வேறை ஒரு கூத்து இருக்கு. ஜனவரியிலை ஒரு பப், விடிய விடிய லோ பிரஷரிலை ட்ரிப் ஆகும், மத்தியானம் தன்ரை பாட்டிலை ஓடும். செலரிலை பேய் இருக்கு எண்டு சமையல்காரன் சொல்லிக்கொண்டு திரிஞ்சான். வெளி ஃபானின்ரை வேகத்தைக் குறைக்கிற கண்ட்ரோலர் பழுதாகி, உறைகுளிரிலையும் ஃபான் முழு வேகத்திலை சுத்திக்கொண்டு நிண்டிருக்கு. ஹெட் பிரஷர் விழுந்தால் கொயிலுக்குள்ளை காஸை அளவா விடுற எக்ஸ்பான்சன் வால்வுக்குத் தள்ள ஆளில்லை, சக்‌ஷனும் விழுந்திடும். வெய்யில் பட்டவுடனை எல்லாம் சரி.

அங்கையும் எனக்கு முதல் வந்தவர் அரைக் கிலோ காஸ் அடிச்சுப்போட்டுத்தான் போயிருந்தவர்.