கொடியில் காணாமல் போன நீல கிளிப்புகள்

குரூப்: கல்லிடைக்குறிச்சி வீடு
ஞாயிறு, அக்டோபர்

[காலை 6:12] மலர் (கட்டூம்பா, ஆஸ்திரேலியா): (படம்)

மலர்: எல்லாருக்கும் வணக்கம். மூணு வாரமா துணிக்கொடியில நீல கிளிப்பு மட்டும் குறையுதுன்னு சொன்னேன்லா? எடுத்தது யாருன்னு இன்னைக்குப் பாத்துட்டேன். படத்துல நடுவுல நிக்கது.

[6:15] சுமதி அத்தை: ஏட்டி, இது ஆண்குயில்லா? அங்கயும் குயில் உண்டா?

மலர்: குயில் இங்கயும் வசந்தத்துல வடக்க இருந்து வரும் அத்தை. ஆனா இது வேற. கண்ணைப் பெரிசாக்கிப் பாருங்க. குயிலுக்கு ரத்தச் சிவப்பு, இதுக்குக் கத்திரிப்பூ நிறம். அலகும் வெளிறின நீலம்.

மலர்: பேரு சாட்டின் பவர்பேர்ட். நாங்க வீட்டுல குடில் பறவைன்னு சொல்லுதோம். ஒரு அடி நீளம் இருக்கும். நிழல்ல நின்னா வெறும் கறுப்பு. வெயில் பட்டதும் உடம்பு பூராவும் பட்டுச்சேலை மாதிரி நீலம் ஓடும்.

[6:19] முத்து: அக்கா, அந்த நீலம் சாயம் இல்ல. இறகோட அமைப்புல வெளிச்சம் பட்டுச் சிதறுறதால வருது. மயில்கழுத்துலயும் சாயத்தால வராத நிறம்தான்.

[6:21] சித்தப்பா: நல்ல விளக்கம். அடுத்த படத்துல குச்சி நட்டு வெச்ச மாதிரி இருக்கே, அதுதான் கூடா மலர்?

மலர்: எல்லாரும் அப்படித்தான் நெனைக்காங்க சித்தப்பா. அது கூடே இல்ல. அதுல முட்டை இடாது, குஞ்சு வளராது. தூக்கணாங்குருவில ஆண் பாதிக்கூடு பின்னி, பெண் வந்து பாத்துப் பிடிச்சா அதுலயே குடித்தனம். இதுக்கு அப்படி இல்ல. ரெண்டு வரிசையாக் குச்சியை ஊணி, நடுவுல ஒரு பறவை நிக்க மட்டும் சந்து விடும். பெண் வந்து அந்தச் சந்துக்குள்ள நின்னு இவன் ஆடுறதைப் பாக்கணும். அவ்வளவுக்குத்தான் அந்தக் குடில்.

சுமதி அத்தை: அப்போ முட்டை எங்க?

மலர்: பெண் தனியாப் போய் மரத்து உச்சியில குச்சிக்கூடு கட்டி, பெரும்பாலும் ரெண்டு முட்டை இடும். மூணு வாரம் அடைகாக்கணும். இரை தேடி ஊட்டுறதும் அவதான். ஆண் அந்தப் பக்கமே எட்டிப் பாக்காது.

சுமதி அத்தை: ஆச்சி பக்கத்துலதான் இருக்காவ. "அப்போ அத்தனை பாடும் அந்தப் பிள்ளைக்குத்தானா"ன்னு கேக்காவ.

மலர்: ஆமா ஆச்சி. அதனாலதான் பெண் அவ்வளவு பாத்துப் பாத்துத் தேர்ந்தெடுக்குது போல. ஒரே குடிலோட நிக்காது, நாலஞ்சு இடம் போய்ப் பாத்துட்டு, பிடிச்ச இடத்துக்கு மறுபடியும் வரும்.

[6:33] மலர்: (படம்) இதுதான் குடிலோட முற்றம். எண்ணிப் பாத்தேன். 11 கிளிப்பு, 6 பாட்டில் மூடி, 2 ஸ்ட்ரா, ஒரு பேனா மூடி. ரொசெல்லாக் கிளியோட நீல வால் இறகு நாலு. கொஞ்சம் மஞ்சப்பூ, நத்தை ஓடு, சில்வண்டு உரிச்சுப் போட்ட தோல்.

முத்து: இறகை விடாமப் பாத்துக்கும் அக்கா. அது காட்டுல எளிசாக் கிடைக்காது. பக்கத்துக் குடில் ஆண் வந்து திருடிட்டுப் போகும். சில சமயம் குச்சியையும் பிடுங்கி எறிஞ்சுட்டுப் போயிரும்.

மலர்: போன செவ்வாய்க்கிழமை அதுதான் நடந்துச்சு! ஒரு பக்கச் சுவரு சரிஞ்சு கிடந்துச்சு. மறுநாள் சாயங்காலத்துக்குள்ள திரும்ப நட்டுட்டான். ஒவ்வொரு குச்சியா கொண்டாந்து, தள்ளி நின்னு பாத்து, சாய்ச்சு வைக்கான். எனக்கு வேலைக்குக் கிளம்பவே மனசு வரல.

[6:41] சித்தப்பா: குடில் எந்தத் திசையைப் பாத்து இருக்கு?

மலர்: வடக்கு தெற்கு. அலங்காரம் வடக்கு வாசல்ல.

சித்தப்பா: இங்கதான் தெற்கு வெயில். அங்க சூரியன் வடக்க சாய்ஞ்சு போகும். வெளிச்சம் விழுற பக்கம் ஆடுது. எவ்வளவு கணக்கு!

மலர்: சுவத்துக்குப் பூச்சு வேற உண்டு சித்தப்பா. இலையையும் பட்டையையும் மென்னு எச்சில்ல குழைச்சு, குச்சிக்கு உள்பக்கம் தடவுது. பட்டை நாரை அலகுல வெச்சுப் பூசுறதும் உண்டு. பெண் வந்தா அந்தப் பூச்சைக் கொத்திப் பாக்கும்.

சுமதி அத்தை: "வாசல் மொழுகுத மாதிரி"ங்காவ ஆச்சி. ரொம்ப சந்தோஷம் அவியளுக்கு.

[6:48] மலர்: (ஒலி, 0:42)

சுமதி அத்தை: ஆச்சி கேக்காவ, இதுல கடைசியில சிரிக்கது யாரு?

மலர்: அவனேதான்! கூக்கபரான்னு ஒரு பறவை இங்க மனுஷன் மாதிரிச் சிரிக்கும். அதோட குரலை எடுத்துப் பாடுதான். முன்னாடி வர்ற கரகரச் சத்தம் அவனோட சொந்தக் குரல். அலகுல ஒரு நீலச் சாமானைக் கவ்விக்கிட்டு, இறகைச் சிலிர்த்து, படபடன்னு குறுக்க ஓடுவான்.

முத்து: ரொம்ப வேகமா ஓடுனா பெண் பயந்து பறந்துரும். 2002-ல கெயில் பாட்ரிசெல்லின்னு ஒருத்தங்க, மேரிலாந்துப் பல்கலைக்கழகத்து ஜெரால்ட் போர்ஜியாவோட சேந்து, பெண் பறவை மாதிரி ரோபோ செஞ்சு குடிலுக்குள்ள வெச்சாங்க. அது குனியற அளவைப் பாத்து ஆட்டத்தைக் கூட்டிக் குறைக்கத் தெரிஞ்ச ஆணுக்குத்தான் ஜோடி அதிகம் அமைஞ்சுது. படிச்சதுல இருந்து எனக்கு அதே நெனப்பு. ஆடிக்கிட்டே எதிர்ல நிக்கிறவளையும் கவனிக்கணும்லா.

[6:57] கவின்: பாட்டி, நான் முற்றத்துல சிவப்பு பட்டன் வெச்சேன். அஞ்சு நிமிஷத்துல தூக்கி வெளிய போட்டுட்டான்

சித்தப்பா: சபாஷ் கவின். இனிமே வைக்காதே, அவனுக்கு அது இடைஞ்சல்.

கவின்: சரி தாத்தா. பச்சைப் பறவை மூணு வருது. ஒண்ணுக்கு நெஞ்சுல நீலத் திட்டு இருக்கு

மலர்: பெண்ணும் சின்ன ஆணும் பாக்க ஒண்ணு போலத்தான் இருக்கும். முதுகு பச்சை, வயிறு வெள்ளையில செதில் செதிலா வரி. ஆணுக்கு முழு நீலம் வர ஏழு வருஷம் ஆகும். அதுவரைக்கும் பெரியவன் ஆடுறதைப் பாக்கும், கோணல்மாணலாக் குச்சி நட்டுப் பழகும். திட்டு வந்தவன் இன்னும் ஒண்ணு ரெண்டு வருஷத்துல மாறிருவான். கவின் அவனுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கான்.

[7:06] மலர்: செந்தில் மச்சான், இருக்கீங்களா? உங்களுக்கு ஒண்ணு சொல்லணும்.

[7:08] செந்தில் (பாரமட்டா, சிட்னி): சொல்லுமா.

மலர்: பால் பாட்டில், ஜூஸ் பாட்டில் மூடியைத் திருகினா கழுத்துல ஒரு பிளாஸ்டிக் வளையம் தங்கும்லா? நீல வளையத்தை அப்படியே போடாதீங்க. கத்தரிச்சுப் போடுங்க. பறவை அதை அலகுல தூக்குறப்போ தலை வழியா நழுவிக் கழுத்துலயோ அலகுலயோ மாட்டிக்கும். அப்புறம் வாயைத் திறக்க முடியாது, இரை எடுக்க முடியாது.

மலர்: போன வருஷம் ஒரு பச்சைப் பறவை அப்படி வந்துச்சு. காட்டுயிர் மீட்குறவங்க ரெண்டு நாள் முயற்சி பண்ணியும் பிடிபடல. மூணாம் நாள்ல இருந்து அது வரவே இல்ல. இப்பவும் பால் பாட்டிலைத் திறந்தா எனக்கு அந்த நெனப்புதான்.

செந்தில்: ஐயோ. எங்க வீட்டுப் பக்கம் இது வராதுமா, ஆனா நாங்க பிக்னிக்குக்கு அங்கதானே வாரோம். போன மாசம்கூட குப்பைத்தொட்டி நெறைஞ்சு வழிஞ்சுது. இனிமே கத்தரிச்சுருதேன். ஆபீஸ்லயும் சொல்லுதேன்.

[7:15] சுமதி அத்தை: ஆச்சி, மாடியில காய்ச்ச நீலச் சங்குப்பூ விதையை எடுத்து வெச்சுட்டாவ. டிசம்பர்ல நாங்க வரும்போது கொண்டாந்தா, அதுக்குப் பிளாஸ்டிக் வேண்டாமே, பூவே எடுத்துக்கிடுமேன்னு.

மலர்: ஆச்சி... விதையெல்லாம் ஏர்போர்ட்லயே வாங்கி வெச்சுக்கிடலாம், சொல்லாமக் கொண்டாந்தா அபராதமும் உண்டு. மனசு போதும். இங்க நர்சரியில நீலப்பூச் செடியா நாங்க ரெண்டு வாங்கி வைக்கோம். நீங்க வந்து தண்ணி ஊத்துங்க.

சுமதி அத்தை: சரிங்காவ. டிசம்பர்ல இது ஆடுமான்னு கேக்காவ.

மலர்: ஆடும். பிப்ரவரி வரைக்கும் குடில் நிக்கும். அதுக்கப்புறம் மழைக்குச் சரிஞ்சாலும், அடுத்த வருஷம் அங்கயோ பக்கத்துலயோ மறுபடி கட்டிருவான். 11 கிளிப்பையும் நான் திரும்ப எடுக்கல. துணிக்கு மரக்கிளிப்பு வாங்கிட்டேன்.

[7:24] செந்தில்: (படம்) இன்னைக்குக் காலைப் பால் பாட்டில். ரெண்டா வெட்டியாச்சு.

மலர்: நன்றி மச்சான். இருங்க, பச்சை ஒண்ணு சந்துக்குள்ள வந்து நிக்குது. அவன் இறகை எடுத்துட்டான். வீடியோ எடுக்கப் போறேன், யாரும் போன் அடிக்காதீங்க.