புதுப்பிப்பு: கார் சீட் ஆட்டம் நின்னுடுச்சு
போன வாரம் கேட்டிருந்தேன்ல, 10 மாசக் குழந்தையோட கார் சீட்டை எவ்ளோ இறுக்கிக் கட்டினாலும் ஆடுதுன்னு, காரணம் தெரிஞ்சுடுச்சு, சிரிக்காதீங்க, சீட்டை பின்பக்கம் பாத்து வச்சுட்டு பெல்ட்டை முன்பக்கம் பாத்து வைக்கும்போது விடுற வழியில விட்டிருக்கேன். ரெண்டு மாசமா இப்படியே ஓட்டிருக்கேன்னு நெனச்சா வயித்த கலக்குது. மேனுவலைப் பாத்து மாத்தி, சீட் மேல கை ஊனி அமுக்கிக்கிட்டே பெல்ட்டை இழுத்து லாக் பண்ணேன். இப்ப பெல்ட் போற இடத்துல புடிச்சு ஆட்டினா 2.5 சென்டிமீட்டர் கூட நகரல.

அப்புறம் தோள்பட்டி, பின்பக்கம் பாத்து உக்கார்ற குழந்தைக்கு தோள் மட்டத்துலயோ கொஞ்சம் கீழயோ வரணுமாம், நான் மேல வச்சிருந்தேன். இப்ப தோள்கிட்ட பட்டியக் கிள்ளிப் பாத்தா மடிப்பு கையில சிக்கல, அப்போ டைட் ஓகே. தடி ஸ்வெட்டரைக் கழட்டிட்டுதான் மாட்டுறேன், அதுக்குத்தான் தினமும் ஒரே அழுகை.