கழுத்துப்பட்டி தலையில் இறங்கவில்லை

குன்னூர்ப் பாட்டி: பேரனுக்கான நீல ஸ்வெட்டரைப் பின்னி முடித்து, கைகளையும் இணைத்துத் தைத்துவிட்டேன். கழுத்துப்பட்டிதான் தலையில் இறங்க மறுக்கிறது. காதில் மாட்டிக்கொண்டு பையன் கத்துகிறான். போதாக்குறைக்கு, பட்டிக்கென்று வாங்கிய நூல்கண்டு சற்று வெளிறியிருக்கிறது. ‘ஒரே நீலம்தான்’ என்று கடைக்காரர் சத்தியம் செய்கிறார். எல்லாவற்றையும் பிரிப்பதா?

ஊசிமுனை: வேண்டாம் அம்மா. கடைசி வரிசையை மட்டும் அவிழ்த்து, பெரிய ஊசியால் தளர்வாக முடியுங்கள். 4 மி.மீ. ஊசியில் பின்னியிருந்தால் முடிப்பதற்கு 5 மி.மீ. எடுங்கள். ஒவ்வொரு முறை சாயமேற்றும்போதும் நிறம் சற்று மாறும். கண்டின் சீட்டில் லாட் எண்ணை, அதாவது எந்த முறை சாயமேற்றியது என்று காட்டும் எண்ணைப் பாருங்கள்.

மலைக்காற்று: அக்ரிலிக் நூல் என்றால், நனைத்து இழுத்துச் சரிசெய்யலாம் என்று நம்பாதீர்கள். அந்தக் குணம் கம்பளிக்குத்தான். வெளிறிய நூலிலேயே கை விளிம்புகளையும் பின்னிவிடுங்கள். வேண்டுமென்றே செய்ததுபோல் இருக்கும்.

குன்னூர்ப் பாட்டி: வழுக்கிக்கொண்டு இறங்கிவிட்டது! கழற்ற விடமாட்டேன் என்கிறான். கை விளிம்புகளையும் மாற்றினேன். “புது டிசைனா அத்தை?” என்றாள் மருமகள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். கடைக்காரரோடு மட்டும் இன்னும் பேச்சில்லை.