எட்டாம் வகுப்பில் குறும்படம்: எங்கிருந்து தொடங்குவது?

அறிவியல்_ஆசிரியை:
அரசுப் பள்ளி, 40 பிள்ளைகள், கையில் என் போன் ஒன்றுதான். 2022-லிருந்து சிறார் திரைப்பட விழாவில் படம் பார்த்துப் பழகிவிட்டார்கள், இப்போது நாமே எடுக்கலாமா டீச்சர் என்று நச்சரிக்கிறார்கள். தலைமையாசிரியரோ பாடம் எப்போது முடியும் என்கிறார். எப்படிச் சமாளிப்பது?

பழைய_எடிட்டர்:
நடிப்புப் படம் வேண்டாம் மேடம், நான்கு பேர் நடிக்க மீதிப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள். களிமண், சார்ட் துண்டுகளை வைத்து ஸ்டாப் மோஷன் எடுங்கள், அதாவது பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒவ்வொரு தடவையும் ஒரு போட்டோ எடுத்து, எல்லாவற்றையும் வரிசையாக ஓட்டுவது. நொடிக்கு 12 படம் என்றால் அரை நிமிடத்துக்கு 360 போட்டோ, அதாவது ஆளுக்கு 9, எல்லோருக்கும் வேலை இருக்கும். செல் பிரிதலை ஒரு தடவை இப்படி நகர்த்தி நகர்த்தி எடுத்த பிள்ளைக்கு எந்தக் கட்டத்துக்குப் பின் எது வரும் என்று மனப்பாடம் செய்யவே தேவையிருக்காது, தலைமையாசிரியருக்கும் அதையே பதிலாகச் சொல்லுங்கள். போனை ஸ்டாண்டில் அசையாமல் கட்டிவிட்டு ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் (கேமரா எடுக்கும் வெளிச்ச அளவு) மாறாதபடி லாக் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் வெளிச்சம் மினுக்கும்.

கணக்கு_வாத்தியார்:
முதலில் ஸ்டோரிபோர்டு (காட்சிகளை வரிசையாகக் கட்டம் கட்டமாக வரைவது) வரையச் சொல்லுங்க, பழைய நோட்டே போதும். வரையாமல் கேமராவைத் தொடக்கூடாது என்று கறாராக இருங்கள்.

பழைய_எடிட்டர்:
ஆமா சார், அது முக்கியம். அப்புறம் சினிமாப் பாட்டு போடாதீர்கள், யூடியூபில் ஏற்றினால் காப்புரிமைச் சிக்கல் வரும். பிள்ளைகளே குரல் கொடுக்கட்டும்.

அறிவியல்_ஆசிரியை:
சரி சார், செல் பிரிதலையே எடுக்கிறோம். முகம் வராததால் பெற்றோரும் தயங்க மாட்டார்கள்.