‘ரிட்டர்ன் ஃப்ளோ’ – ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பாசன நீர் வயலில் இறங்கி, நிலத்தடி வழியாக மறுபடி ஆற்றைச் சேர்வதை ஆங்கிலத்தில் ‘ரிட்டர்ன் ஃப்ளோ’ (return flow) என்கிறார்கள். அதற்குத் தமிழ்க் கலைச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை நான்கு சொற்கள் வந்துள்ளன: மீள்பாய்வு, திரும்புநீர், மறுகால், கசிவுநீர். இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முன், எதற்குப் பெயர் வைக்கிறோம் என்று பார்த்துவிட வேண்டும். நீரியலில் ‘ரிட்டர்ன் ஃப்ளோ’ என்ற ஒரே சொல்லை இரண்டு வேறு நிகழ்வுகளுக்கும் புழங்குகிறார்கள்.

இந்தியாவின் நிலத்தடி நீர் மதிப்பீட்டு நெறிமுறையை எடுத்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் நீர் பாயும் நெல்வயலில் நிலத்தடி நீர்மட்டம் 10 மீட்டர் ஆழத்துக்குள் இருந்தால், பாய்ச்சியதில் 50 விழுக்காடு ‘திரும்புகிறது’ என்று கணக்கிடச் சொல்கிறது. மட்டம் 25 மீட்டருக்கும் கீழே இருந்தால் 25 விழுக்காடுதான். நெல் அல்லாத பயிர்களுக்கு இதே அளவுகள் 30, 10. இங்கே நீர் போய்ச் சேரும் இடம் நிலத்தடி. ஆறு இந்தக் கணக்கில் வரவே இல்லை.

கிருஷ்ணா நதிநீர்ப் பங்கீட்டில் கதை வேறு. பச்சாவத் தலைமையிலான நடுவர் மன்றம், நான்கில் மூன்று ஆண்டுகளில் கிடைக்கும் என்று நம்பக்கூடிய நீரை 2060 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கனஅடி) என்று எடுத்துக்கொண்டது. பாசனத்திலிருந்து ஆற்றுக்குத் திரும்பி வரும் நீராக அதன்மேல் 70 டிஎம்சியைச் சேர்த்து, மகாராஷ்டிரத்துக்கு 25, கர்நாடகத்துக்கு 34, ஆந்திரத்துக்கு 11 என்று பிரித்துக் கொடுத்தது. மூன்று மாநிலங்கள் பங்கு போட்டுக்கொண்ட நீர் இது. இங்கே சேருமிடம் ஆறு.

முதலாவது, வயலிலிருந்து கீழே இறங்குவது. இரண்டாவது, கீழிருந்து ஆற்றுக்கு வருவது. முதலாவது நடந்தால் இரண்டாவது நடந்தே தீரும் என்பதில்லை. நடுவில் ஆழ்துளைக் கிணறுகள் இறைத்துவிட்டால் ஆற்றுக்குச் சொட்டும் வராது. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால், இந்த நடுவழி இழப்பைச் சொல்லவே தமிழில் வழியிருக்காது.

> கசிவுநீர் என்றே வைத்துவிடலாமே? ஈரோட்டுப் பக்கம் மக்கள் ஏற்கெனவே சொல்வதுதானே?

கேள்வி நியாயமானது. மக்கள் வாயில் இருக்கும் சொல்லைத் தள்ளிவிட்டுப் புதிதாக ஒன்றைக் கட்டுவது எனக்கும் பிடிக்காது. ஆனால் அங்கே அந்தச் சொல் செய்யும் வேலையைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

பவானிசாகர் அணையிலிருந்து வரும் கீழ்பவானி வாய்க்கால் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீளம், ஆயக்கட்டு 2,07,000 ஏக்கர். மேட்டை ஒட்டி வளைந்து போகும் மண் வாய்க்கால். அதற்குக் கிழக்கே தாழ்வான பகுதியில், காவிரியை ஒட்டி, 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த காளிங்கராயன் வாய்க்கால் ஓடுகிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள சரிவு முழுக்கப் பள்ளங்களும் ஓடைகளும். மேலே வாய்க்காலில் தண்ணீர் திறந்தால் கீழே கிணறுகளில் மட்டம் ஏறும், ஓடைகளில் நீர் துளிர்க்கும். வாய்க்காலை அடைத்த பின்னும் அது சில காலம் ஓடும். அந்த ஓடைநீரை நம்பியே பாசனம் செய்பவர்கள் உண்டு. மிச்சம் காவிரிக்குப் போகிறது. வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடும் திட்டம் வந்தபோது ஒரு சாரார் கடைமடைக்குத் தண்ணீர் எட்ட வேண்டும் என்று ஆதரித்தார்கள், இன்னொரு சாரார் கசிவும் கிணறும் போய்விடும் என்று எதிர்த்தார்கள். இரு தரப்பு அச்சத்திலும் உண்மை இருக்கிறது.

இங்கே ‘கசிவுநீர்’ என்பது கண்ணுக்குத் தெரியும் நீர். கரையில் கசிவதும், வயலிலிருந்து இறங்கிப் பள்ளத்தில் எழுவதும் அதில் அடக்கம். ஆனால் மண்ணுக்குள்ளேயே நகர்ந்து, ஆற்றுப் படுகையின் அடியில் நேராக ஆற்றோடு கலந்துவிடும் நீரை யாரும் கசிவுநீர் என்று சொல்வதில்லை. பொறியியல் கோப்புகளிலோ அதே சொல் ‘கசிவு இழப்பு’ என்று செலவுப் பக்கத்தில் நிற்கிறது. ஆகவே கசிவுநீரை அதன் இடத்திலேயே விட்டுவைப்போம். அது உயிரோடுள்ள சொல், அதன் எல்லையை நாம் இழுத்து நீட்ட வேண்டாம்.

மறுகாலுக்கும் இதே பதில்தான். தென் மாவட்டங்களில் குளம் நிரம்பி ‘மறுகால் பாயுது’ என்பது அன்றாடப் பேச்சு. நிரம்பி வழிவதும் ஊறி வருவதும் ஒன்றல்ல.

மீள்பாய்வு, குழாயில் நீர் எதிர்த்திசையில் ஓடுவதைப் போல ஒலிக்கிறது. திரும்புநீர் என்பதில் எனக்குள்ள தடை அறிவியல் சார்ந்தது. வயலில் இன்று இறங்கிய அதே நீர்தான் ஆற்றுக்குத் திரும்புகிறது என்ற எண்ணத்தை அது உண்டாக்கிவிடும். உண்மையில் வயலுக்கடியில் நீர்மட்டம் உயர்ந்ததும் அழுத்தம் கூடி, ஆற்றோரத்தில் முன்பே கிடந்த பழைய நீர் முதலில் வெளியேறுகிறது. ஆற்றில் ஏற்றம் சில வாரங்களில் தெரியலாம், வயலில் இறங்கிய துளி வந்து சேர ஆண்டுகள் ஆகலாம்.

என் முன்மொழிவு இரண்டு சொற்கள்.

வயலிலிருந்து நிலத்தடிக்குப் போவது: பாசனச் சுவறல். மண்ணில் தண்ணீர் சுவறுவது பழைய வினை, பொருள் விளக்கம் கேட்காது.

நிலத்தடியிலிருந்து ஆற்றுக்கு வருவது: பாசன மீள்வரத்து. ‘அணைக்கு நீர்வரத்து இத்தனை கனஅடி’ என்று செய்தித்தாளில் தினமும் படிக்கிறோம். வரத்து என்றாலே அளக்கக்கூடியது, ஓரிடத்துக்கு வந்து சேர்வது என்ற இரண்டும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. செலவுப் பக்கத்தில் எழுதியதை வரவுப் பக்கத்துக்கு மாற்றுகிறது என்பதற்காகவே இந்தச் சொல்லை விரும்புகிறேன்.

வயலின் மேற்பரப்பில் ஓடி வாய்க்காலில் விழுவதற்கு வடிநீர் ஏற்கெனவே இருக்கிறது, அதைத் தொட வேண்டாம்.

> அடிநீரோட்டம் என்ற சொல் இருக்கும்போது மீள்வரத்து எதற்கு?

மழையில்லாக் காலத்தில் நிலத்தடியிலிருந்து ஆற்றுக்கு வரும் மொத்தமும் அடிநீரோட்டம். மழையால் ஊறியதும் அதில் உண்டு. மீள்வரத்து அதில் பாசனத்தின் பங்கு மட்டும். அந்தப் பங்கைத் தனியே பேச வேண்டிய தேவை வருகிறது என்பதற்கு அமெரிக்காவின் ஐடஹோ மாநிலம் நல்ல சான்று. அங்கே ஸ்நேக் ஆற்றுச் சமவெளியில் வெள்ளம்போல் பாய்ச்சிய காலத்தில், ஆற்றோர ஊற்றுகளின் வரத்து 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இருந்த வினாடிக்குச் சுமார் 4,200 கனஅடியிலிருந்து 1950களில் சுமார் 6,800 கனஅடியாக உயர்ந்தது. பிறகு தெளிப்புப் பாசனமும் ஆழ்கிணற்று இறைப்பும் பெருகியதும் ஊற்றுகள் இறங்கத் தொடங்கின. மழை குறைந்ததா, மீள்வரத்து குறைந்ததா என்று பிரித்துக் கேட்கத் தனிச்சொல் வேண்டும்.

சொற்களை வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: ‘சொட்டுநீருக்கு மாறியதும் சுவறல் குறைந்தது, அதனால் கோடையில் மீள்வரத்தும் குறைந்தது.’ ‘மீள்வரத்தைக் கழிக்காமல் மேல்மடையின் நுகர்வைக் கணக்கிடக் கூடாது.’ என் காதுக்கு இரண்டும் இடறவில்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். டெல்டாவிலோ யாழ்ப்பாணத்திலோ சுவறலுக்கு வேறு சொல் புழக்கத்தில் இருந்தால், எந்த ஊரில், எந்தப் பயிரைப் பற்றிப் பேசும்போது கேட்டீர்கள் என்ற குறிப்போடு எழுதுங்கள். இன்னும் பொருத்தமான வட்டாரச் சொல் கிடைத்தால் என் சொல்லை நானே விலக்கிக்கொள்கிறேன். மீள்வரத்துக்கு மறுப்பு இல்லையென்றால் அதை நம் கலைச்சொல் பட்டியலில் சேர்த்துவிடலாம்.

அன்புடன்