டிரான்சம்மில் போட்ட எபாக்சி காயவே மாட்டேன் என்கிறது, அவசரம்

கொடுவாக்காரன்
வணக்கம். பழைய ஃபைபர் மீன்பிடிப் படகு ஒன்று கைமாற்றி வாங்கியிருக்கிறேன். படகு வேலைக்குப் புதுசு. பின்னால் எஞ்சின் மாட்டும் டிரான்சம்மைத் திறந்தால் உள்ளே மரம் முழுக்க மக்கிப் போயிருந்தது. கரண்டியால் அள்ளினால் கறுப்புப் புட்டு மாதிரி உதிர்ந்தது. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுப் பலகை வைத்து, மேலே கண்ணாடியிழை மேட் விரித்து எபாக்சி ரெசின் போட்டேன். முந்தாநாள் போட்டது. இன்னும் விரலை வைத்தால் ஒட்டுகிறது, ரேகை பதிகிறது. சனிக்கிழமை லாரிக்குச் சொல்லியாகிவிட்டது. இன்னும் காயவிடலாமா, சுரண்டி எடுக்கணுமா, ஹார்டனரைக் கூட்டிப் போட்டு மேலே இன்னொரு கோட் அடித்துவிடலாமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

ஈசூன்வாசி
எந்த ரெசின்? என்ன விகிதத்தில் கலந்தீர்கள்? அளந்தா, கண்மதிப்பா? எத்தனை மேட்? வேலை வெட்டவெளியிலா, கூரைக்கடியிலா? படகு எத்தனை அடி? படம் ஒன்று போட்டால் புண்ணியமாகப் போகும்.

தேக்கா_தம்பி
புளோக் கீழே கார்பார்க்கில் வைத்துச் செய்கிறீர்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் அண்ணே. இந்நேரம் மூன்றாம் மாடி அத்தை நகர மன்றத்துக்குப் போன் போட்டிருப்பார்.

கொடுவாக்காரன்
16 அடி. எஞ்சின் யமஹா 40 குதிரைத்திறன். சுங்கை காடுட்டில் நண்பரின் மரப்பட்டறை, கூரை இருக்கிறது. எபாக்சிதான், கடையில் கேட்டுத்தான் வாங்கினேன்.

நங்கூரம்
இந்தக் கேள்வி இங்கே வருவது முதல்முறை அல்ல. தேடிப் பார்த்திருந்தாலே போதும். எபாக்சியில் இரண்டு பாகமும் டப்பாவில் போட்டிருக்கும் விகிதத்தில்தான் சேர வேண்டும். ஹார்டனரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகும் என்பது தேநீரில் சீனி கூட்டுகிறவன் கணக்கு. மிஞ்சிய ஹார்டனர் உள்ளேயே நின்று கடைசிவரை மெத்தென்று வைத்திருக்கும். நம் சிங்கப்பூர் ஈரத்தில் எபாக்சியின் மேல் மெழுகுபோல் ஒரு படலம் வரும், அமீன் பிளஷ் என்பார்கள். சுத்தத் தண்ணீரும் தேய்க்கும் நாரும் எடுத்துக் கழுவித் துடையுங்கள், போய்விடும். இன்னொன்று. டிரான்சம் என்பது எஞ்சினின் முழு உந்துதலையும் தாங்குகிற இடம். புதிதாக வருகிறவர்கள் ஒரு மூடி, ஒரு பெட்டி என்று தொடங்குவதுதான் முறை. டிரான்சம்மில் கை வைக்குமுன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கப்பல்பட்டறை
கழுவுவது அப்புறம். பலகையில் ஈரம் இருந்ததா? அதைக் கேட்காமல் எதைச் சொல்லியும் பயனில்லை. நான் துவாஸில் கப்பல் பட்டறையில் இருக்கிறேன், ஊர் நாகப்பட்டினம் பக்கம். 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரைக்கு நிவாரணமாக ஃபைபர் படகுகள் ஏராளமாக வந்தன. பிறகு அவற்றை ஒட்டுப்போட்டு ஓட்டியது நாங்கள்தான். ஈரப்பலகை மேல் ரெசின் போட்டால் பிடிக்காது, காயவும் காயாது. விடிகாலையில் சுமத்திரா காற்று மழையோடு அடித்தால் கூரை இருந்தாலும் சாரல் உள்ளே வரும். பலகையை எங்கே அடுக்கி வைத்திருந்தார் என்று கேளுங்கள்.

ஈசூன்வாசி
படம்?

கொடுவாக்காரன்
பலகை காய்ந்ததுதான், அன்றைக்குத்தான் கடையிலிருந்து எடுத்து வந்தேன். தண்ணீர் விட்டுக் கழுவிப் பார்த்தேன், அப்படியே ஒட்டுகிறது. படம் வேலை முடிந்து போடுகிறேன்.

நங்கூரம்
வெதுவெதுப்பான தண்ணீரா?

உப்புக்காற்று
கொஞ்சம் பொறுங்கள். நான் ரெசினில் கல்லாட்டம் சமையல் மேடை வார்க்கிற பட்டறையில் வேலை பார்க்கிறேன், படகு தெரியாது, ரெசின் தெரியும். கொடுவாக்காரரே, மூன்று கேள்வி.

கலக்கும்போது வாடை எப்படி? மூக்கைத் துளைத்து, தலை கனத்ததா?

ஹார்டனர் பெரிய டப்பாவா, சின்னப் பாட்டிலா? ரெசினுக்குப் பாதி, கால்வாசி என்று ஊற்றினீர்களா, சொட்டுச் சொட்டாக விட்டீர்களா?

வெள்ளை மேட் ரெசின் பட்டதும் சட்டென்று இளகிக் கண்ணாடி போலத் தெளிந்து பலகையோடு படிந்ததா?

கொடுவாக்காரன்
வாடை பயங்கரம், நண்பர் வெளியே போய்விட்டார். ஹார்டனர் சின்னப் பாட்டில், தண்ணீர் மாதிரி. ஒரு டப்பாவுக்கு இத்தனை மூடி என்று கடைக்காரர் சொன்னார். மேட் நன்றாகப் படிந்தது, அடியில் பலகையின் ரேகை தெரிந்தது.

உப்புக்காற்று
அப்படியானால் அது எபாக்சியே இல்லை. பாலியெஸ்டர் ரெசின். ஒட்டுவது, ஊற்றுவது எல்லாவற்றையும் எபாக்சி என்று கேட்டு வாங்குவது இங்கே பழக்கமாகிவிட்டது, கடைக்காரரும் தலையாட்டிக் கொடுத்துவிடுவார். அந்த வாடை ஸ்டைரீன். சின்னப் பாட்டில், ரெசினை இறுகவைக்கிற எம்.ஈ.கே.பி. என்கிற கேட்டலிஸ்ட். மேட்டின் இழைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசை ஸ்டைரீனில் கரையும், அதனால்தான் மேட் அப்படி இளகிப் படிந்தது. எபாக்சியில் அந்தப் பசை அப்படிக் கரையாது, மேட் விறைத்துக்கொண்டே நிற்கும்.

பாலியெஸ்டரில் இரண்டு சாதி. லாமினேட்டிங் ரெசின் ஒன்று. காற்றில் உள்ள ஆக்சிஜன் அதன் மேற்பரப்பை இறுகவிடாது. அடியில் கெட்டியாகிவிடும், மேலே மட்டும் பிசுபிசு என்று நிற்கும். அது கோளாறல்ல, அடுத்த மேட் நன்றாகப் பிடிக்கட்டும் என்று அப்படியே செய்தது. இன்னொன்றில் மெழுகு கலந்திருக்கும். இறுகும்போது மெழுகு மேலே மிதந்து வந்து காற்றை மறைக்கும், அதனால் மேற்பரப்பும் காயும். ஆனால் அதன்மேல் அடுத்த அடுக்கு போடுமுன் கட்டாயம் தேய்த்தாக வேண்டும்.

உங்களுடையது முதல் சாதி என்று நினைக்கிறேன். ஆனால் கேட்டலிஸ்ட் குறைந்துபோனாலும் ஒட்டத்தான் செய்யும், அப்போது அடிவரை மெத்தென்று இருக்கும். இது இரண்டில் எது என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம். சாப்பாடு மூடுகிற மெல்லிய நெகிழித்தாளை உள்ளங்கை அகலம் வெட்டி, ஒட்டுகிற இடத்தில் காற்றுக்குமிழ் இல்லாமல் அழுத்தி ஒட்டுங்கள். நாளைக்கு உரியுங்கள். அந்த இடம் மட்டும் கெட்டியாகி நகம் இறங்காவிட்டால் காற்றுதான் காரணம், படகுக்கு ஒன்றுமில்லை. அங்கேயும் நகம் இறங்கினால் கேட்டலிஸ்ட் போதவில்லை, சுரண்டித்தான் ஆக வேண்டும்.

அப்புறம், மூடிக் கணக்கு வேண்டாம். சமையல் தராசு ஒன்று வாங்குங்கள். எடையில் 1 முதல் 2 விழுக்காடு, அதாவது 500 கிராம் ரெசினுக்கு 5 முதல் 10 கிராம். நம் ஊர் வெக்கைக்கு ஒன்றை ஒட்டியே வைக்கலாம், ஒன்றுக்குக் கீழே போக வேண்டாம். கூட்டினால் சூடேறி விரிசல் விடும். கலந்து மிஞ்சியதைக் கோப்பையில் குவித்து வைக்காதீர்கள், புகைய ஆரம்பிக்கும். மரத்தூள் கிடக்கிற பட்டறையில் அசிட்டோன் துணியும் ரெசின் கோப்பையும் சேர்ந்து கிடப்பதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. முதலில் அந்தத் தூளைப் பெருக்கித் தள்ளுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், எம்.ஈ.கே.பி. கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம்.

கப்பல்பட்டறை
சரியாகச் சொன்னீர்கள் அக்கா. ஒன்று சேர்க்கிறேன். ஊரில் இறுகுவதை வேகப்படுத்துகிற ஆக்சிலரேட்டரைத் தனியாகத் தருவார்கள், கத்தரிப்பூ நிறத்தில் கோபால்ட். அதையும் கேட்டலிஸ்டையும் நேருக்கு நேர் கலக்கவே கூடாது, வெடிக்கும். ஒன்றை ரெசினில் கலக்கி முடித்த பிறகுதான் மற்றது. இங்கே கிடைக்கிற ரெசினில் பெரும்பாலும் முன்னாலேயே கலந்திருக்கும். இருந்தாலும் டப்பாவைப் பாருங்கள்.

அவர் ஒரே ஒரு மேட்தான் போட்டிருப்பார் போலிருக்கிறது. யமஹா 40 என்றால் டூ ஸ்ட்ரோக்கே சுமார் 70 கிலோ. ஒரு மேட் காணாது. மேட், அதன்மேல் நெய்த ரோவிங் என்கிற தடித்த கண்ணாடியிழைத் துணி, மறுபடி மேட் என்று அடுக்க வேண்டும். ஓரங்களில் படகின் பக்கச்சுவர் மேலும் தரை மேலும் கையகலம் ஏறி வர வேண்டும். எப்படியும் இன்னும் போடத்தான் போகிறார், பிசுபிசுப்பு இருந்துவிட்டுப் போகட்டும்.

நங்கூரம்
எபாக்சி என்று அவர் சொன்னார், எபாக்சிக்கு நான் பதில் சொன்னேன். அதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் பழைய, இறுகிப்போன ஃபைபர் மேல் பாலியெஸ்டரை ஒட்டி அதில் எஞ்சினைத் தொங்கவிடுவது சரியான வேலையே அல்ல. பழுதுபார்ப்புக்கு எபாக்சிதான், ஒட்டும் வலுவே வேறு. கப்பல் பட்டறையில் இரும்பு பற்றவைக்கிற அனுபவம் இதற்கு உதவாது.

கப்பல்பட்டறை
நான் வெல்டர் என்று யார் சொன்னது? அந்தப் படகே பாலியெஸ்டரில் செய்ததுதான் ஐயா. நன்றாகக் கரடுமுரடாகத் தேய்த்து, அசிட்டோன் துடைத்துப் போட்டால் பிடிக்கும். எங்கள் கரையில் அலைக்குள்ளே தினமும் தள்ளி இறக்கி ஏற்றுகிற படகெல்லாம் இந்த ரெசின்தான். எபாக்சி உசத்திதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பாதி பாலியெஸ்டர் போட்டபின் அவர் மனத்தைக் குழப்பாதீர்கள்.

ஈசூன்வாசி
இரண்டு பேரும் சொல்வதில் ஒரு விஷயம் முக்கியம். பாலியெஸ்டர் மேல் எபாக்சி பிடிக்கும், எபாக்சி மேல் பாலியெஸ்டரும், வெளிப்புறப் பளபளப்புப் பூச்சான ஜெல்கோட்டும் சரியாகப் பிடிக்காது. கடைசியில் ஜெல்கோட் அடிக்கிற எண்ணம் இருந்தால் பாலியெஸ்டரிலேயே முடிப்பது தலைவலி குறைவு. அப்புறம், பலகை எந்தப் பலகை? மரைன் பிளைவுட்டா, அலமாரி செய்கிறதா? மரப்பட்டறை நண்பர் என்றதும் எனக்குச் சந்தேகம்.

நங்கூரம்
பலகையே தேவையில்லை. இப்போது அடர்த்தியான ஃபோம் பலகை கிடைக்கிறது, ஊறாது, மக்காது. மரத்தை எடுத்துவிட்டு மறுபடி மரத்தையே வைப்பது எதற்கு?

கப்பல்பட்டறை
அந்த மரம் எத்தனை வருஷம் உழைத்தது என்று பாருங்கள். மக்கினது மரத்தின் குற்றமில்லை, போல்ட் ஓட்டையைச் சும்மா விட்டவன் குற்றம்.

தேக்கா_தம்பி
நான் ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். ரெசின், ஃபோம், ஜெல்கோட், லாரி, நிறுத்துமிடக் கட்டணம், எஞ்சின் சர்வீஸ். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் மாதம் ஒருமுறை நாலு பேர் சேர்ந்து வாடகைப் படகில் போகலாமே? ஓட்டுநரோடு வரும், ஐஸ் பெட்டியும் தருவார்கள். கொடுவா வேண்டுமென்றால் தேக்கா ஈரச்சந்தையில் வெட்டியே தருவார்கள்.

ஈசூன்வாசி
தம்பி, கணக்குப் பார்க்கிறவன் கடலுக்கே போக மாட்டான். வாடகைப் படகில் மணி பார்த்துத் தூண்டில் போட வேண்டும், மீன் கடிக்கிற நேரத்தில் "திரும்பலாமா" என்பார்.

தேக்கா_தம்பி
சொந்தப் படகில் மீன் கடிக்கிற நேரத்தில் எஞ்சின் நிற்கும்.

நங்கூரம்
பேச்சு எங்கேயோ போகிறது.

ஈசூன்வாசி
ஒன்று கேட்க மறந்தேன். கைமாற்றி வாங்கினேன் என்கிறாரே, கடல்துறை, துறைமுக ஆணையத்தில் படகின் உரிமத்தைப் பெயர் மாற்றிவிட்டாரா? அவரிடம் விசைப்படகு ஓட்டும் உரிமம் இருக்கிறதா? அதில்லாமல் லாரியைக் கூப்பிட்டு என்ன செய்வது?

தேக்கா_தம்பி
படகைக் கொண்டுபோய்த் தண்ணீரைக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொண்டுவர வேண்டியதுதான்.

உப்புக்காற்று
கொடுவாக்காரரே, நெகிழித்தாள் என்ன ஆயிற்று?

கொடுவாக்காரன்
தாள் ஒட்டின இடம் கெட்டி, நகம் இறங்கவில்லை. சுற்றி எல்லாம் பழையபடி. டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன், லாமினேட்டிங் என்றுதான் போட்டிருக்கிறது. லாரியைத் தள்ளிவைத்துவிட்டேன். ரோவிங் வாங்க ஜாலான் புசார் போகிறேன். நன்றி எல்லாருக்கும்.

உப்புக்காற்று
நல்லது. போட்டுச் சில நாளாகிவிட்டது, அப்படியே மேலே போடாதீர்கள். அசிட்டோனில் துடையுங்கள், துணியை மாற்றிக்கொண்டே இருங்கள், இல்லாவிட்டால் பிசுக்கை இங்கிருந்து அங்கே இழுத்ததுதான் மிச்சம். பிசுக்கு போனபின் 80 ஆம் நம்பர் உப்புத்தாளில் தேய்த்து, தூசு தட்டி, அடுத்த மேட். முன்னாலேயே தேய்த்தால் தாள் அடைத்துக்கொள்ளும். தேய்க்கும்போது துணி முகக்கவசம் போதாது, வடிகட்டி வைத்த மாஸ்க் வேண்டும். முழுக்கைச் சட்டை போடுங்கள், வீட்டுக்குப் போனதும் பச்சைத் தண்ணீரில் குளியுங்கள். சுடுதண்ணீரில் குளித்தால் இரவெல்லாம் அரிக்கும். கடைசி அடுக்குக்கு மட்டும் கடையில் மெழுகுக் கரைசல் கேட்டு, டப்பாவில் போட்ட அளவு கலந்துகொள்ளுங்கள்.

கப்பல்பட்டறை
தம்பி, எஞ்சின் போல்ட் ஓட்டையை நேராகப் போட்டுவிடாதீர்கள். போல்ட்டைவிடப் பெரிதாகத் துளைத்து, அதை எபாக்சியில் பொடி கலந்து கெட்டியாக்கி நிரப்பி, இறுகினபின் நடுவில் போல்ட் அளவுக்குத் துளையுங்கள். அப்போது தண்ணீர் உள்ளே வந்தாலும் பலகையைத் தொடாது. பழைய டிரான்சம் மக்கினதே இந்த ஓட்டை வழியாகத்தான் இருக்கும்.

நங்கூரம்
ஆக எபாக்சி தேவைப்படத்தான் செய்கிறது.

ஈசூன்வாசி
அந்தப் படம்?

புதுத்துடுப்பு
வணக்கம், எனக்கும் இதே மாதிரி ஒரு பிரச்சினை. என் படகில் தரை மிதித்தால் மெத்தென்று அமுங்குகிறது. சுத்தியலால் தட்டினால் சில இடத்தில் டொக் டொக், சில இடத்தில் சத்தமே இல்லை. என்ன ரெசின் வாங்கலாம்?

நங்கூரம்
தனி இழை தொடங்கவும். படகு எத்தனை அடி, எந்த வருடம், அடியில் என்ன பலகை, எல்லாவற்றையும் முதலிலேயே எழுதவும்.